ஈரத் துணிக்கு ஒரு மனு

பொதுமக்களிடமிருந்து பெறப்படும் மனு எதுவாக இருந்தாலும் மூன்று நாட்களுக்குள் ஒப்புகை தரவேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்வு காணவேண்டும். காண இயலாவிட்டால் ஏன் இயலவில்லை, எப்போது இயலும் என்று இடைக்காலப் பதிலாவது அனுப்பவேண்டும். நிராகரிப்பதானால் காரணத்தை எழுதவேண்டும். இது விதி. துணைத் தாசில்தாராக இருந்தபோது, புதிதாகச் சேர்ந்த உதவியாளர்களுக்கு இதை நானே வகுப்பெடுத்திருக்கிறேன். அவர்கள் பணிவாகக் குறிப்பெடுத்துக்கொண்டார்கள். பிறகு என்னைப் பார்த்து, நான் நடந்துகொண்டபடி நடந்துகொண்டார்கள்.

என் மனு கடலில் மிதக்கும் பழைய துணியைப் பற்றியது. அது எனக்கு எதற்கு என்பதைச் சொல்ல, கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

ஓய்வு பெற்ற அடுத்த ஆண்டு என் மனைவிக்குப் பக்கவாதம் வந்தது. இடது கையும் இடது காலும் போயின. பேச்சு சில வாரங்களில் திரும்பிவிட்டது. பேசும் விருப்பம்தான் திரும்பவில்லை. ராமநாதபுரத்தின் கிழக்கு ஓரத்தில், சொசைட்டிக் கடன் போட்டுக் கட்டிய வீட்டின் முன்னறையில் கட்டிலைப் போட்டோம். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கட்டிலுக்கு எதிரே நான் நாற்காலியைப் போட்டு அவளுடைய முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். மகன் வெளிநாட்டிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் கைப்பேசித் திரையில் வந்து, இருவரையும் தைரியமாக இருக்கச் சொல்லிவிட்டுப் போவான்.

முப்பத்தைந்து வருடம் ஜமாபந்தி, வெள்ள நிவாரணம், தேர்தல் என்று அலைந்தவனுக்கு ஒரு முன்னறை மிஞ்சியது. வாரத்தில் இரண்டு நாள் கொழுந்தியாள் வந்து அக்காளுடன் இருப்பாள். அப்போது மட்டும் எனக்கு வெளியே போக அனுமதி. "போயிட்டு வெரசா வந்துருங்க அத்தான், எனக்கு பஸ் போயிரும்" என்று அவள் வாசலிலேயே கெடு விதித்துவிடுவாள். பரோலில் போகிறவனுக்கும் இப்படித்தான் சொல்லி அனுப்புவார்கள்.

தையல் வந்தது பொத்தானால். வீட்டுக்கு வரும் இயன்முறை மருத்துவர், ஒரு துணிப் பட்டையில் பொத்தான்களும் இன்னொரு பட்டையில் காஜாவும் வைத்துத் தைத்துக் கொடுக்கச் சொன்னார். பொத்தானை மாட்டிக் கழற்றினால் விரல்களுக்குப் பயிற்சியாம். என் பழைய வேட்டியைக் கிழித்து, ஊசி நூல் வாங்கி வந்து, இரண்டு நாள் உட்கார்ந்து தைத்தேன். அவள் அதை ஒருமுறை பார்த்தாள். வலது கையால் எடுத்துச் சுவரோரம் வீசினாள்.

"இதை மாட்டிக் கழட்டி நான் எந்த ஆபீசுக்குப் போகணும்?"

வீசிய பட்டையை எடுத்து வந்து மடியில் வைத்துக்கொண்டேன். கையில் ஊசி இருந்தது. வேறு வேலை இல்லை. பொத்தான்களுக்கு நடுவே வெறுமனே ஓட்டுத் தையல் போட்டேன். மேலே ஒரு புள்ளி, கீழே ஒரு புள்ளி. கோணலாகத்தான் போனது. ஆனால் அந்த ஒரு மணி நேரம் அறை கொஞ்சம் பெரிதாக இருந்தது.

அதற்குப் பிறகு நிறுத்தவில்லை. அலுவலகப் புத்தி போகாததால், முதலில் நடைமுறை வகுத்துக்கொண்டேன். நூல் விரல் நுனியிலிருந்து முழங்கை வரை. அதற்கு மேல் நீண்டால் சிக்கு விழும். ஒரு நாளைக்கு அந்த அளவில் ஒரே நூல். ஆசை வந்தாலும் இரண்டாவது கூடாது. முதல் மாதம் ஆசைப்பட்டுத் தைத்துத்தான் கண் எரிந்தது, கழுத்து பிடித்தது, ஒரு வாரம் ஊசியைத் தொட முடியவில்லை. ஜன்னல் வெளிச்சம் துணியில் நேராக விழும் முற்பகலில் மட்டும் தைப்பது. நூல் தீர்ந்த இடத்தில், வரிசை பாதியில் நின்றாலும், நிறுத்திவிடுவது. பாதியில் நின்ற வரிசைதான் மறுநாள் காலையில் என்னை உட்காரவைக்கும். முடித்துவிட்ட வேலை யாரையும் கூப்பிடாது. கோப்புகளை நாங்கள் முடிக்காமல் வைத்திருந்ததற்கும் இதுதான் காரணமோ என்னவோ.

ஓய்வூதியர் சங்கக் கூட்டத்தில் ஒருவர், இப்போது என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். கையால் துணி தைக்கிறேன் என்றேன்.

"மெஷின் வாங்கலையா?"

"இல்லை. கையாலதான்."

"யாருக்கு ஜாக்கெட்டு?"

யாருக்கும் இல்லை, துண்டுத் துணிகளை ஒன்றோடு ஒன்று ஒட்டித் தைக்கிறேன், விரித்தால் ஒரு படம் மாதிரி வரும் என்றேன். அவர் என் தோளைத் தொட்டு, "வீட்ல எப்படி இருக்காக?" என்று கேட்டார். துக்கத்தில் எனக்குப் புத்தி பிசகியிருப்பதாக முடிவு செய்துகொண்டார் என்பது தெரிந்தது. நானும் மறுக்கவில்லை.

துணிதான் பிரச்சினையானது. பழைய வேட்டிகள் தீர்ந்தன. கடையில் வாங்கிய புதுத் துணி கஞ்சியும் விறைப்புமாக ஊசியைத் தள்ளியது. பல முறை துவைத்து, வெயிலில் வெளுத்து, யாரோ உடுத்தி இளகிய துணிதான் ஊசிக்கு வழிவிடும். அப்படிப்பட்ட துணி எங்கள் மாவட்டத்தில் மலையாகக் குவிகிற இடம் ஒன்று உண்டு.

ராமேஸ்வரம், தேவிபட்டினம், சேதுக்கரை, மாரியூர் என்று இந்தக் கரை நெடுகத் தீர்த்தங்கள். நான் சொல்லும் கரை எது என்று எழுதப்போவதில்லை. எழுதினால் அதற்கும் விளக்கம் கேட்பார்கள். கடலில் முழுகியவர்கள் உடுத்தியிருந்த துணியை அங்கேயே விட்டுவிட்டு மாற்றுத்துணி கட்டிக்கொண்டு போவது வழக்கம். பாவமும் தோஷமும் துணியோடு போய்விடும். துணி எங்கேயும் போவதில்லை. அலையில் ஊறி, உருண்டு, மணல் நிறைந்து, கரைக்கே திரும்பி வருகிறது. அதை இழுத்துப் போடுவதற்கென்று இரண்டு மூன்று பெண்கள், கொக்கி கட்டிய கழியோடு இடுப்பளவு தண்ணீரில் நிற்பார்கள்.

ஒரு பரோல் நாளில் அங்கே போனேன். கழியோடு நின்றவர்களில் மூத்தவள், நான் குவியலையே பார்ப்பதைக் கண்டு, "என்ன சார், மோதிரம் கீதிரம் விட்டுட்டீகளா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. துணி வேணும்."

"இதுவா?" கழியால் குவியலைக் குத்திக் காட்டினாள். "பாவம் புடிச்ச துணியில்லையா சார் இது? போட்டுக்காரன் இஞ்சின் தொடைக்கக் கொண்டு போவான், ஒர்க்‌ஷாப்புக்காரன் கை தொடைக்கக் கொண்டு போவான். நீங்க எதைத் தொடைக்கப் போறீக?"

தைக்கப் போகிறேன் என்றேன். அவள் பக்கத்தில் நின்றவளைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு தாராளமாக அள்ளி, உரச் சாக்கில் திணித்துக் கொடுத்தாள்.

வீட்டு வாசலில் சாக்கை இறக்கியதுமே முன்னறையிலிருந்து குரல் வந்தது. முதுகு மட்டுமே தெரிந்தாலும் மூக்கு வேலை செய்தது.

"என்னது, கவுச்சி அடிக்குது?"

சொன்னேன். அவள் இந்தப் பக்கம் திரும்பினாள். வலது கையைக் கட்டில் சட்டத்தில் கொடுத்து, உடம்பை உந்தி, தானாகவே திரும்பினாள். பல மாதங்களுக்குப் பிறகு அப்போதுதான் அவள் முகத்தை நேராகப் பார்த்தேன், கோபத்தில் இருந்தது.

"ஊரான் கழிச்சுப்போட்ட பாவத்தையெல்லாம் மூட்டை கட்டி வீட்டுக்குத் தூக்கிட்டு வந்திருக்கீகளாக்கும். நான் ஒருத்தி கெடக்குறது பத்தலையா?"

வீட்டுக்குள் வராது, கொல்லையிலேயே இருக்கும், அலசிய பிறகுதான் உள்ளே வரும் என்று சமாதானம் சொன்னேன். அலசுவதற்கு நல்ல தண்ணீர் வேண்டும். எங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் அலசினால் உப்பு போகாது, கூடும். குழாயில் காவிரித் தண்ணீர் வரும் நாளை எதிர்பார்த்தும், தள்ளுவண்டியில் குடம் குடமாக வாங்கியும் பிழைக்கிற ஊர் இது. அந்தத் தண்ணீரில் மூன்று முறை அலசினேன்.

"குடிக்கத் தண்ணியில்ல. பாவத்தைக் கழுவக் காவேரி!" என்று ஜன்னல் வழியாகச் சத்தம் வந்தது. ஒவ்வொரு குடத்துக்கும் ஒருமுறை வந்தது. எனக்கு அது சங்கீதமாக இருந்தது என்று எழுதினால் மிகை. ஆனால் குடத்தை வேண்டுமென்றே மெதுவாகச் சாய்த்தேன்.

காய்ந்த துணிகளை ஜன்னலுக்கு வெளியே கொடியில் போட்டிருந்தேன். மூன்றாம் நாள், நான் கேட்காமலே, அவள் சொன்னாள்: "அந்த ரோசு, முகூர்த்தச் சேலை."

"எப்படிச் சொல்றே?"

"ஒருதடவைதான் கட்டியிருக்கா. மடிப்புல சாயம் போகலை பாருங்க. கட்டிக்கிட்டு வந்து முழுகி விட்டுட்டுப் போயிருக்கா. என்ன கஷ்டமோ, மூதேவிக்கு."

அன்றிலிருந்து அது அவள் இலாகா ஆனது. துணியை நான் ஜன்னலில் தூக்கிக் காட்டவேண்டும். எங்கிருந்து வந்தவள், என்ன வயது, எத்தனை பிள்ளை, புருஷன் குடிகாரனா என்பதையெல்லாம் அவள் தீர்மானிப்பாள். பிறகு எதற்குப் பக்கத்தில் எது வரவேண்டும் என்று வலது கையின் ஆள்காட்டி விரலால் உத்தரவு போடுவாள். "அந்தக் கிழவன் துண்டை அந்தப் புள்ளைக்குப் பக்கத்துல வைக்காதீக. அங்கன வைங்க, அந்த மராட்டிக்காரிகிட்ட." பாவம் புடிச்ச துணி என்ற பேச்சு நின்றுவிட்டது. இரண்டு கட்டில் அளவுக்கு ஒரு துணி வளர்ந்தது. ஓரத்திலிருந்து உள்நோக்கி வந்துகொண்டிருந்தோம். நடுவில் என்ன வரவேண்டும் என்பதை அவள் முன்பே முடிவு செய்திருந்தாள்: செம்பு ஓடிய மாந்தளிர் நிறம். வேறெதுவும் கூடாது.

இந்த இடத்தில் ஒரு சாதாரண மனிதன் அடுத்த பரோல் நாளில் கரைக்குப் போய், மாந்தளிர் கிடைக்கிறதா என்று பார்த்து, எடுத்துக்கொண்டு வந்திருப்பான். நானும் போனேன். ஆனால் கரைக்குப் போகும் வழியில் ஒரு பலகை இருந்தது. முன்பும் இருந்திருக்கும். அன்றுதான் நின்று படித்தேன். கரையொதுங்கும் துணிகளைச் சேகரிக்கும் உரிமை ஏலம் விடப்பட்டுள்ளது என்றும், ஏலதாரர் தவிர வேறு எவரும் எடுத்தல் கூடாது என்றும் அதில் எழுதியிருந்தது. பாதி எழுத்து உப்புக் காற்றில் உதிர்ந்திருந்தாலும், எனக்குப் படிக்கப் போதுமானதாக இருந்தது.

ஆற்று மணல் அள்ளியவர்களைப் பிடித்து நான் எழுதிய அறிக்கைகள் எத்தனையோ. அவர்களும் பலகையைப் பார்க்கவில்லை என்றுதான் சொன்னார்கள். வெறும் கையோடு வீட்டுக்குத் திரும்பினேன். வெள்ளைத்தாள் எடுத்து, "பொருள்", "பார்வை" என்று தலைப்பிட்டு, கையால் தைக்கும் சொந்தப் பயன்பாட்டுக்காகச் சிறிதளவு பயனற்ற துணிகளை எடுத்துக்கொள்ள அனுமதி கோரி ஒரு மனு எழுதினேன். ஏலதாரருக்கு இழப்பு நேராது என்பதற்கு ஒரு பத்தி. கடற்கரைத் தூய்மைக்கு உதவும் என்பதற்கு ஒரு பத்தி. ஏலம் விட்ட அலுவலகத்துக்கு அனுப்பினேன், பதிவு அஞ்சலில், ஒப்புகை அட்டையுடன்.

என் மனைவி அதை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டாள்.

"நல்லாத்தான் எழுதியிருக்கீக. ஆனா இதுவரைக்கும் யாராவது வேணாம்னு சொன்னாங்களா?"

"பலகை இருக்குல்ல?"

"பலகை பேசுச்சா? அந்தப் பொம்பளை அள்ளிக் குடுத்தா, வாங்கிட்டு வந்தீக. கேட்டாத்தான மாட்டேங்க முடியும்?"

முறை என்று ஒன்று இருக்கிறது என்றேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

மனு போய்ச் சேர்ந்தது. அதை மேற்பார்வையாளர் ஒருவர் படித்திருக்கிறார். படித்ததும், வேறு ஆட்கள் துணி எடுக்கிறார்கள் என்ற செய்தி முதல்முறையாக எழுத்தில் வந்திருப்பது அவருக்குத் தெரிந்தது. வாய்ச்சொல்லாக இருந்தவரை யாருக்கும் பாதகமில்லை. தாளில் வந்துவிட்டால் நடவடிக்கை வேண்டும். இதை நான் அறியாதவனல்ல. அவர் கரைக்குப் போய், மனுவின்மீது முடிவு எடுக்கும் வரை யாருக்கும் ஒரு நூல்கூடக் கொடுக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்.

அடுத்த வாரம் நான் கரையில் இறங்கியபோது, கழிப் பெண்களில் மூத்தவள் தூரத்திலேயே என்னைக் கண்டுகொண்டாள்.

"வந்துட்டாருப்பா, காயிதம் எழுதிப்போட்ட சாரு!"

படகில் இஞ்சினைப் பிரித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "நீங்கதானா? கையில கிரீஸ் ஒட்டுனா இப்ப எம் பொண்டாட்டி சேலையிலதான் தொடைக்கணும். உங்க அட்ரசு சொல்லுங்க, அவளை அனுப்புறேன்."

"நான் அள்ளிக் குடுத்தேன், நீங்க வாங்கிட்டுப் போனீக," என்றாள் மூத்தவள். அவள் குரலில் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம். "நடுவுல காயிதம் எதுக்கு சார்? இப்ப என்னையில்ல கேக்குறாக, யாரு யாருக்குக் குடுத்தேன்னு."

அதன் பிறகு அந்தப் பக்கம் போக முகமில்லை. பரோல் நாட்களிலும் வீட்டிலேயே இருந்தேன். கொழுந்தியாள், "போகலையா அத்தான்?" என்று கேட்டுவிட்டு, நான் இல்லாதபோது அக்காளோடு பேச வைத்திருந்த பேச்சையெல்லாம் விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மனுவைத் திரும்பப் பெறலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. அந்த அலுவலகத்துக்குப் போனேன். பிரிவு உதவியாளர் என் மகள் வயதுப் பெண். மரியாதையாக நாற்காலி காட்டினாள்.

"சார், ஃபைல் சுத்துல இருக்கு சார்."

"எந்தச் சுத்தும்மா?"

"மேல போயிருக்கு சார்."

"மேலேன்னா மாடியா, மாவட்டமா?"

அவள் புன்னகைத்தாள். "நீங்க டிப்பார்ட்மெண்ட்ல இருந்தவங்கன்னு சொன்னாங்க சார். உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். அதுதான் துன்பம். கழிவு மேலாண்மை என்று ஒரு பிரிவும், கோயில் சார்ந்த விஷயம் என்று இன்னொரு பிரிவும், கைத்தொழில் என்று மூன்றாவதும் என் மனுவை ஒன்றிடமிருந்து ஒன்று காப்பாற்றிக்கொண்டிருந்தன. திரும்பப் பெறும் மனுவைக் கொடுத்தால், அதை மூல மனுவோடு சேர்க்கவேண்டும். மூல மனு சுற்றில் இருக்கிறது. சுற்று முடிந்து வரும்வரை இது தனியாகக் காத்திருக்கும். ஆக, இரண்டு மனுக்கள் நிலுவையாகும்.

"ஒரு விளக்கம் மட்டும் கேட்டிருக்காங்க சார்," என்றாள் அந்தப் பெண். "நீங்க கைவினைக் கலைஞரா? கலைஞர்னா அடையாள அட்டை நகல் வைக்கணும். கலைஞர் இல்லைன்னா எதுக்குத் துணின்னு எழுதிக் குடுக்கணும்."

அந்தக் கேள்வி பேருந்தில் என்னோடு வீடுவரை வந்தது. நான் கலைஞனா? பிழைப்புக்குத் தைக்கவில்லை. விற்கவில்லை, விற்கும் எண்ணமும் இல்லை. சங்கத்துக்காரரின் பார்வையில் பிசகிய கேஸ். எதற்குத் துணி? என் மனைவி சுவர்ப்பக்கம் திரும்பாமல் இருப்பதற்கு என்று எழுதினால் அதை எந்தப் பிரிவுக்கு அனுப்புவார்கள்? "சொந்தப் பயன்பாட்டுக்கு" என்றே மறுபடியும் எழுதி அனுப்பினேன்.

ஆனால் அவள் ஏற்கெனவே சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டிருந்தாள். ஒரே நாளில் அல்ல. முதலில் துணி இல்லாத கொடியைப் பார்த்தாள். பிறகு கொடிக்குப் பின்னால் இருக்கும் வேலிக் கருவையைப் பார்த்தாள். பிறகு, பார்க்க எதுவும் இல்லை என்பதுபோல, வலது கையைச் சட்டத்தில் கொடுத்து, மெல்ல உந்தி, சுவரைப் பார்த்துப் படுத்தாள். துணியின் நடுவில் மாந்தளிருக்கு விட்டிருந்த சதுரம் அப்படியே இருந்தது. விரித்தால் அதன் வழியாகத் தரை தெரிந்தது.

"உன் சேலை ஒண்ணு மாந்தளிர்ல இருக்கே, பீரோவுல," என்றேன்.

"அதுல கத்திரி வச்சா, உங்க வெரல்ல வைப்பேன்," என்றாள் முதுகு.

கை சும்மா இருந்தால் பழக்கம் போய்விடும் என்று எனக்குப் பயம். தைக்கத் துணி இல்லை. ஆகவே தைத்ததைப் பிரித்தேன். காலையில் ஒரு வரிசையைப் பிரிப்பது, அதே துளைகளில் திரும்பத் தைப்பது. மறுநாள் அடுத்த வரிசை. ஜன்னல் வெளிச்சம், முழங்கை நூல், எல்லாம் விதிப்படி நடந்தன. துணி மட்டும் ஒரு அங்குலமும் வளரவில்லை. சில இடங்களில் துளைகள் பெரிதாகி இழை விட்டுப்போனது.

திரும்பாமலே ஒருநாள் அவள் சொன்னாள்: "நூல் உருவுற சத்தம் கேக்குது. பிரிச்சுப் பிரிச்சுத் தைக்கிறீகளா?"

"ம்."

"ஆபீசுல பாத்த வேலையத்தான் இங்கனயும் பாக்குறீக."

சொல்லிவிட்டு அவள் சிரித்திருக்கலாம். முதுகு கொஞ்சம் அசைந்தது. நான் ஊசியைத் துணியில் குத்தி வைத்தேன். ஒரே அறையில் இரண்டு பேர். ஒருத்தியை உடம்பு கட்டிப்போட்டிருந்தது. மற்றவன் தன்னைத் தானே, சொந்தக் கையெழுத்தில், பதிவு அஞ்சலில் கட்டிப்போட்டுக்கொண்டிருந்தான்.

ஆடி பிறந்தது. அமாவாசைக்கு முன்வாரம் கொழுந்தியாள் வந்திருந்தபோது, கட்டிலிலிருந்து ஓர் அறிவிப்பு வந்தது.

"நான் அமாவாசைக்குக் கடலுக்குப் போகணும்."

கொழுந்தியாள் பதறினாள். "அக்கா, அந்தக் கூட்டத்துல எப்படிக்கா? அத்தான், நீங்களாவது சொல்லுங்க."

"அவர்கிட்ட என்ன கேக்குறது? அவரு மனுப் போட்டு, அது வர்றதுக்குள்ள தை அமாவாசை வந்துரும். ஆட்டோவுக்குச் சொல்லு."

போனோம். ஆட்டோக்காரரும் நானுமாகத் தூக்கி, கரையில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, அலை வந்து காலை நனைக்கும் இடத்தில் அவளை உட்காரவைத்தோம். கொழுந்தியாள் நாற்காலியைப் பின்னால் பிடித்துக்கொண்டாள். கரை கொள்ளாத கூட்டம். எள்ளும் தண்ணீரும், பிண்டமும், வாழை இலையும், மிதக்கும் துணியும். கழிப் பெண்களில் மூத்தவள் தண்ணீரில் நின்றபடி என்னைப் பார்த்தாள். கண்டுகொள்ளாத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வடக்கேயிருந்து வந்த ஓர் அம்மாள், முழுகி எழுந்து, மாற்றுப்புடவை கட்டிக்கொண்டு, ஈரப்புடவையைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி அலையை நோக்கி வந்தாள். கடலில் விடப்போகிறாள். என் மனைவி வலது கையை நீட்டினாள்.

அந்த அம்மாள் நின்றாள். நாற்காலி, மடங்கிய இடது கை, ஒரு பக்கம் இழுத்த வாய், நீட்டிய கை எல்லாவற்றையும் பார்த்தாள். இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்து, ஒரு நாணயத்தை நீட்டிய கையில் வைத்தாள். தன் நெற்றியைத் தொட்டு ஒரு கும்பிடும் போட்டாள்.

கொழுந்தியாளுக்கு முகம் சிவந்துவிட்டது. எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. என் மனைவி உள்ளங்கையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"துணைத் தாசில்தார் பொண்டாட்டிக்குக் கெடச்ச மரியாதையைப் பாத்தீகளா?"

சொல்லிச் சிரித்தாள். வாய் ஒரு பக்கம் கோணி, உடம்பு குலுங்கி, நாற்காலியே மணலில் இறங்கும்படி சிரித்தாள். தண்ணீரில் நின்ற மூத்தவளுக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. வடக்கத்தி அம்மாள் புரியாமல் தானும் புன்னகைத்தாள். என் மனைவி நாணயத்தை மடியில் போட்டுக்கொண்டு, ஈரப்புடவையை விரலால் காட்டினாள். மறுபடியும் கையை நீட்டினாள்.

அந்த அம்மாள் தலையை வேகமாக ஆட்டி மறுத்தாள். தன் நெஞ்சைத் தொட்டு, புடவையைக் காட்டி, கடலைக் காட்டி, அவளுடைய மொழியில் எதையோ நீளமாகச் சொன்னாள். வேண்டாம், இது என் தோஷம், உனக்கு எதற்கு என்றிருக்கலாம். வேறு எதுவாகவும் இருக்கலாம். நீட்டிய கை இறங்கவில்லை.

"குடும்மா," என்றாள் என் மனைவி தமிழில். "எனக்கு இருக்குறதோட இருக்கட்டும்."

ஈரம் சொட்டச் சொட்டப் புடவை அவள் கைக்கு வந்தது. அலையைத் தொடவில்லை, மணலில் விழவில்லை. நான் மனத்துக்குள் வேகமாக ஆராய்ந்தேன். ஏலம் விடப்பட்டது கரையொதுங்கும் துணி. இது ஒதுங்கவில்லை, உரியவரால் மனமுவந்து கைமாற்றப்பட்டது. பலகையில் இதற்குத் தடை இல்லை. இதை மனுவுக்கு முன்பே யோசித்திருந்தால், என்று நினைக்கும்போதே மூத்தவள் கழியை ஊன்றிக்கொண்டு கேட்டாள்: "இதுக்கும் காயிதம் உண்டா சார்?"

"இல்லம்மா," என்றேன். "இது கைக்குக் கை."

"அப்ப சரி," என்று சொல்லிவிட்டு அடுத்த துணியைக் கொக்கியால் இழுத்தாள்.

ஆட்டோவில் வரும்போது பார்த்தேன். புடவை பளீரென்ற கிளிப்பச்சை. ஜரிகை மாதிரி ஒரு பிளாஸ்டிக் கரை வேறு.

"மாந்தளிர்னு சொன்னே."

"நான் சொன்னா மாந்தளிர்தான். வீட்டுக்குப் போயி நல்ல தண்ணியில அலசுங்க. பாவம், அவ ரொம்பத் தூரத்துல இருந்து வந்திருக்கா."

சதுரத்தை நிரப்ப வெகுநாள் ஆயிற்று. ஒரு நாளைக்கு ஒரு நூல்தானே. அவள் இந்தப் பக்கம் திரும்பிப் படுத்து ஒவ்வொரு வரிசையையும் கண்காணித்தாள். வடக்கத்தி அம்மாளுக்கு இரண்டு மருமகள்கள் என்றும், மூத்த மருமகள் சரியில்லை என்றும் முடிவாகியது. சதுரம் முடியும்போது அடுத்த துணிக்கு என்ன செய்வது என்று நான் கவலைப்பட்டதற்கு, அவள் அமாவாசைகளை எண்ணிச் சொன்னாள். ஆடி போய்விட்டது. புரட்டாசியில் ஒன்று, தையில் ஒன்று. நீட்ட ஒரு கை இருக்கிறது. அதற்குமேல் துணி சேர்ந்தால் என் கண் தாங்காது என்றும் சொன்னாள். நான் வகுத்த நடைமுறைகளில் விட்டுப்போயிருந்த விதி அதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

சுதந்திரம் கிடைத்துவிட்டதாகச் சொல்லமாட்டேன். அறை அதே அறை. பரோல் அதே பரோல். சில இரவுகளில் அவள் மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிவிடுகிறாள்; காலையில் திரும்பி வருவாளா என்று தெரியாமல்தான் ஊசியில் நூல் கோக்கிறேன்.

பதில் வந்தது. மேற்படி ஏலதாரரின் ஒப்பந்தக் காலம் முடிவுற்றுவிட்டபடியால், மனுதாரர் கோரிய அனுமதி குறித்துப் பரிசீலிக்க வேண்டிய அவசியம் எழவில்லை என்றும், மனு முடித்துவைக்கப்படுகிறது என்றும், தேவைப்படின் புதிய ஏலதாரர் நியமிக்கப்பட்ட பின் புதிதாக மனுச் செய்துகொள்ளலாம் என்றும் தெரிவித்திருந்தார்கள். பொருள், பார்வை, நகல் எல்லாம் சரியாக இருந்தன. ஒரு பிழையும் காணமுடியவில்லை. அவளுக்கு வாசித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, ஆட்டோவுக்குச் சொல்லியாயிற்றா என்று கேட்டாள். அந்தப் பதில் தபாலில் வந்தது புரட்டாசி மகாளய அமாவாசைக்கு முந்தின நாள்.